கடல் கடந்து மீள்வோர் கைக்கொண்டு வருவது யாது?

வெளிநாடு சென்று முதன்முறையாக ஊர் திரும்பும் ஒருவனைச் சுற்றமும் தெருவும் சூழ்ந்துகொண்டு கேட்கும் வினா ஒன்றே ஒன்றுதான்: "என்ன கொண்டு வந்தாய்?" பெட்டி திறக்கப்படுகின்றது. நறுமண நீர்க்குப்பியும், இனிப்புக் கட்டிகளும், கையடக்க மின்பொறிகளும் ஒவ்வொன்றாய் வெளிவருகின்றன. உறவின் நெருக்கத்திற்கேற்பப் பங்கீடு நடக்கின்றது. பெட்டி வெறுமையாகின்றது, கூட்டம் கலைகின்றது. ஆனால், அவன் தன் நாவில் கொண்டுவந்தது யாது, நெஞ்சில் கொண்டுவந்தது யாது என்று எவரும் வினவுவதில்லை. பெட்டியில் வந்தவை ஓரிரண்டு ஆண்டில் தேய்ந்தும் உடைந்தும் போகும். நாவிலும் நெஞ்சிலும் வந்தவையோ தலைமுறைக்கும் நிற்கும். அவை நல்லனவாயின் இனத்தை வாழ்விக்கும்; தீயனவாயின் வேரை அரிக்கும். ஆகவே, கேட்கப்பட வேண்டிய அவ்வினா கேட்கப்படாமற் போவது சிறு பிழையன்று.

இவ்வினாவை எழுப்புதற்குக் காஞ்சியினும் தக்க ஊர் தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை. கச்சி என்று கழகப் பாட்டுகள் பெயர் சொல்லும் அம் மூதூர், கடல் கடந்த நாடுகளோடு தொன்றுதொட்டே தொடர்புடையது. சீன நாட்டின் பழைய வரலாற்றேடு ஒன்று குறிக்கும் 'குவாங்சி' என்னும் நாடு காஞ்சியே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்னும் சீனப் பயணி இந்நகரைப் பற்றி எழுதிவைத்தார். போதலும் வருதலும் இவ்வூர்க்குப் புதியனவல்ல.

சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி புகாரிற் பிறந்தவள். ஆயினும் அவள் வந்தடைந்த ஊர் காஞ்சி. அவளும் கடல் கடந்தவளே. மணிபல்லவத் தீவில் வற்றாத உணவுக் கலம் அவள் கைக்குக் கிட்டியது. சாவக நாடு வரையிற் சென்று மீண்டாள்; வஞ்சிக்குச் சென்றாள்; அதன்பின் காஞ்சிக்கு வந்தாள். அவள் வந்தபொழுது காஞ்சியில் மழை பொய்த்து வறங் கூர்ந்திருந்தது. கடல் கடந்து பெற்ற கலத்தை அவள் தனக்கெனப் பூட்டி வைக்கவில்லை. அதனைக் காட்டிப் பெருமை பேசவுமில்லை. பசித்தோரை எல்லாம் கூவியழைத்து உணவிட்டாள். கதை என்று இதனைத் தள்ளுவோர் தள்ளுக. கதையுட் பொதிந்த அறம் தள்ளத்தக்கதன்று. வெளியிற் பெற்றதைக் கொண்டு வீட்டின் குறையை நீக்குவதே மீட்சி. வெளியிற் பெற்றதைக் காட்டி வீட்டாரை இகழ்வது மீட்சியன்று, மற்றோர் இழப்பு.

காப்பியக் காலத்தை விட்டு அண்மைக் காலத்திற்கு வருவோர்க்கும் இதே அறம் கண்ணெதிரே நிற்கும். 1925 நவம்பரில் இதே காஞ்சியில், திரு.வி.க. தலைமையில் நடந்த பேராயக் கட்சி மாநாட்டில், வகுப்புவழி இடப்பங்கீடு கோரிய தீர்மானம் ஏற்கப்படாமையால் பெரியார் ஈ.வெ.இரா. வெளியேறினார். காஞ்சியில் தொடங்கிய அவ் வெளியேற்றம் தன்மதிப்பு இயக்கத்திற்கு வழி திறந்தது. ஆறாண்டு கழித்து, 1931 திசம்பரில் அவர் மேலைநாடுகளை நேரிற் காணக் கப்பலேறினார். எகிப்து, கிரேக்கம், துருக்கி, உருசியா, செருமனி, இங்கிலாந்து முதலிய நாடுகளைக் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். ஏறத்தாழ ஓராண்டு! அவ்வோராண்டுப் பயணத்திலிருந்து அவர் தமிழர்க்குக் கொண்டுவந்த பொருள்களுள் இன்றளவும் அழியாமல் நிற்பது எது? ஒரு சொல்!

அந்நாளில் ஒருவர் பெயர்க்கு முன்னால் மகாராசராசசிரீ என்றும், சிரீமான் என்றும், சிரீசத்து என்றும் வடமொழிச் சுமையை ஏற்றி எழுதுவதே உயர்வு எனக் கருதப்பட்டது. ஒருவனுக்கு எத்துணை நீளமான அடைமொழி ஏற்றப்படுகின்றதோ அத்துணை உயரம் அவனுக்குக் குமுகாயத்தில் உண்டு என்பது அதன் உட்பொருள். பெயர்க்கு முன்னிற்கும் அச்சொற்களே மேல் கீழ் என்னும் ஏணியின் படிகளாக இருந்தன. உருசிய மண்ணில் உயர்வு தாழ்வின்றி ஒருவரை ஒருவர் விளித்துக் கொள்ளும் முறையைக் கண்டு திரும்பிய பெரியார், திரும்பிய அத்திங்களிலேயே 'குடிஅரசு' இதழின் வாயிலாக, இயக்கத்தார் ஒவ்வொருவரும் ஒருவரையொருவர் 'தோழர்' என்றே விளித்தலும் எழுதுதலும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இங்கு நின்று எண்ண வேண்டும். அவர் கண்டது உருசிய வழக்கம்; கொண்டுவந்தது உருசியச் சொல்லன்று. கருத்து வெளியிலிருந்து வந்தது; அதனை ஏற்றுத் தாங்குதற்குரிய சொல்லோ ஈராயிரம் ஆண்டாகத் தமிழன் வாயில் வழங்கி வருவது. தலைவனுக்குத் தோழனும் தலைவிக்குத் தோழியும் இல்லாத அகப்பாட்டு உலகம் உண்டா? அப் பழஞ்சொல்லே புதுப்பொருள் பெற்றது. அதனாலன்றோ அது தமிழ் மண்ணில் வேரூன்றியது! இதற்கு மாறான எடுத்துக்காட்டும் அவ்வியக்கத்திலேயே உண்டு. குழந்தைகளுக்கு உருசியா என்றும் மாசுகோ என்றும் பெயரிட்ட காலம் ஒன்றும் இருந்தது. ஆர்வத்தால் இடப்பட்ட அப்பெயர்கள் ஓரிருவரோடு நின்றுவிட்டன. நெய்யப்படாத இழை காற்றில் பறந்தது. நெய்யப்பட்ட இழை ஆடையாயிற்று. 'தோழர்' என்னும் விளி இன்றும் மேடைகளிலும் ஊர்வலங்களிலும் ஒலிக்கின்றது.

பெரியாரின் மாணாக்கராய் வளர்ந்த காஞ்சி மகனைப் பற்றி இனிப் பார்க்க வேண்டும். பேரறிஞர் அண்ணா 1909 செப்தம்பர் 15-ஆம் நாள் காஞ்சியில் நெசவுக்குடியொன்றிற் பிறந்தார். ஊரிலேயே பச்சையப்பன் பள்ளியிற் பயின்று, நகராட்சி அலுவலகத்திற் சிலகாலம் எழுத்தராயிருந்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பொருளியலும் அரசியலும் கற்றார். 1942-இல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அக்கிராசனர் 'தலைவர்' ஆனதும், நமசுக்காரம் 'வணக்கம்' ஆனதும், திராவிட இயக்க மேடைகளும் தனித்தமிழ் அன்பர்களும் சேர்ந்து நாட்டிய மாற்றங்கள். 1967-இல் ஆட்சிக்கு வந்தபின் சிரீ, சிரீமதி, குமாரி ஆகியவை அரசேட்டிலிருந்து நீங்கித் திரு, திருமதி, செல்வி ஆகியவை அமர்ந்தன.

அத்தகையவர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1968-ஆம் ஆண்டு ஏப்பிரல், மே திங்கள்களில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 'சப்' தகைமையாளராக வருமாறு விடுத்த அழைப்பை ஏற்று மேலைநாடுகளுக்குச் சென்றார். அம் மேலைச்செலவு அவருக்கு முதலாவது. அதைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் இன்றும் கதை கதையாய்ச் சொல்லப்படுகின்றது. அவர் ஆங்கிலத்தில் அப்படிப் பேசினார், இப்படி மடக்கினார், வெள்ளையரே வாய்பிளந்தனர் என்பவையே அக்கதைகளின் சாரம். அவற்றுள் எவை மெய், எவை புனைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். காஞ்சி நெசவுக்குடியின் மகன் ஒருவன் உலகப் புகழ் வாய்ந்த பல்கலைக்கழகத்திற்குச் சென்றதில், அவன் பேசிய ஆங்கிலத்தை மட்டுமே பொறுக்கி வைத்துக்கொண்டு மகிழும் உள்ளம் எத்தகையது? அடிமை, தன் அண்டைவீட்டு அடிமையின் விலங்கு பொன்னால் ஆனது என்று சொல்லிப் பெருமைப்படுவதைப் போன்றதன்றோ அது!

அப்பயணத்தில் நினைக்கத்தக்கவை வேறு உள. உரோமையில் ஆறாம் பவுல் போப்பாண்டவரைக் கண்ட அண்ணா, கோவா விடுதலைக்குப் போராடிப் போர்த்துக்கல் நாட்டுச் சிறையில் ஆண்டுக்கணக்கில் வாடிய மோகன் இரானடேயின் விடுதலைக்கு உதவுமாறு வேண்டினார். இரானடே தமிழரல்லர், மராட்டியர். தனக்கென ஒன்றும் கேளாமல், தன் இனத்தாரும் அல்லாத ஒரு சிறையாளிக்காகக் கேட்டது தமிழ்ப் பண்பாடு. 1969 சனவரியில் இரானடே விடுதலை பெற்றார். தமிழினப் பற்று பிறவினப் பகை என்று பழிப்போர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே விடை.

அவ்வாண்டிலேயே அண்ணா மீண்டும் கடல் கடக்க நேர்ந்தது. இம்முறை பல்கலைக்கழக அழைப்பை ஏற்றன்று, நோய் தீர்க்க. தொண்டையில் தோன்றிய புற்றுநோய்க்காக 1968 செப்தம்பரில் நியூயார்க்கு மருத்துவமனையில் அறுவை நடந்தது. நவம்பரில் நலிந்த உடலோடு திரும்பினார். திரும்பியவர் கையில் எடுத்த வேலை எது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவர் புறப்பட்டபொழுது அவருடைய நாட்டிற்கு ஏட்டில் இருந்த பெயர் 'மதராசு மாநிலம்'. வேற்று நாட்டார் ஒருவர், "நீவிர் எந்நாட்டு முதலமைச்சர்?" என்று கேட்டிருப்பின், வெள்ளையன் சூட்டிய அப்பெயரைத்தான் அவர் சொல்லியிருத்தல் வேண்டும். ஆந்திரர்க்கு ஆந்திரம் உண்டு. வங்கர்க்கு வங்கம் உண்டு. தமிழர்க்கு மட்டும் தம் மண்ணின் பெயர் இல்லை. அப்பெயர்க்காக 1956-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், அக்தோபர் 13-ஆம் நாள் தம் உயிரையே ஈந்தார். 1963-இல் மாநிலங்களவையில் இப்பெயர் மாற்றம் பேச்சுக்கு வந்தபொழுது, "பெயரை மாற்றுவதால் நீங்கள் அடையப்போவது என்ன?" என்று வடவர் வினவ, நாடாளுமன்ற அவைகளுக்கு இந்திப் பெயர் சூட்டி நீங்கள் அடைந்தது என்ன என்று வினாவாலேயே விடையிறுத்தவர் அண்ணா. அவர் முதலமைச்சரானபின் 1967 சூலை 18-ஆம் நாள் சட்டமன்றம் 'தமிழ்நாடு' என்னும் பெயரை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நாடாளுமன்றமும் 1968-இல் அதற்குரிய சட்டத்தை இயற்றியது.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய சில கிழமைகளில், திசம்பர் 1-ஆம் நாள், பெயர்மாற்ற விழா நடந்தது. ஓய்வுகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் அண்ணா அவ்விழாவிற்கு வந்தார், பேசினார். அறுவை செய்த தொண்டையிலிருந்து எழுந்தது தாய்நாட்டின் பெயர். 1969 சனவரி 14, பொங்கல் நாளில், அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. மதராசு மாநில முதலமைச்சராகக் கடல் கடந்து சென்றவர், தமிழ்நாட்டு முதலமைச்சராய் மூன்று கிழமையே வாழ்ந்து, பிப்பிரவரி 3-ஆம் நாள் மறைந்தார். மீட்சி என்றால் இதுவன்றோ மீட்சி! வீடு திரும்பியவன், வீட்டுக்கே அதன் பெயரை மீட்டுத் தந்தான்.

மணிமேகலை கொண்டுவந்தது உணவுக் கலம். பெரியார் கொண்டுவந்தது ஒரு விளி. அண்ணா திரும்பிவந்து நிலைநாட்டியது ஒரு பெயர். மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எதுவும் கொண்டுவந்தவரைப் பெருமைப்படுத்த வந்ததன்று. வீட்டில் இருந்தவரை நிமிர்த்த வந்தது.

இவ்விடத்தில் தடையொன்று எழும். "வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது என்பதுதானே உங்கள் கொள்கை? தூய்மை தூய்மை என்று கதவடைத்துக்கொண்டு கிணற்றுத் தவளையாய் வாழச் சொல்கின்றீர்களா?" என்று தனித்தமிழ் அன்பர்களை எள்ளுவோர் கேட்பர். அவர்கட்கு விடை சொல்லக் காஞ்சியின் தறியே போதும்.

காஞ்சிப் பட்டு காஞ்சியினது என்று உலகமே சொல்கின்றது. ஆனால் அப்பட்டு இழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. பட்டு வளர்க்கும் கலையே சீனத்திற் பிறந்தது என்பர். பின் எது காஞ்சியினது? நெசவு காஞ்சியினது. பாவு ஓட்டுவதும், ஊடை போடுவதும், உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய் வரும்பொழுது இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் பிடிக்கும் கோர்வை வேலையும், முந்திக்குரிய வேற்று நிறப் பாவை உடற்பாவோடு ஒவ்வோரிழையாய்ப் பிணைக்கும் பொறுமையும் காஞ்சியின. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது அந்நெசவுக்குள்ள பெயர். இழை எங்கிருந்தும் வரலாம். தறி தன்னதாயிருத்தல் வேண்டும். வெளியிலிருந்து வரும் கருத்தும் கலையும் அறிவியலும் இழைகள், தாய்மொழியே தறி. இழை வருகின்றது என்பதற்காகத் தறியை உடைத்து அடுப்பெரிப்பவனை நெசவாளன் என்று எவரும் சொல்லார். தமிழில் 'நூல்' என்னுஞ் சொல் நெய்யும் இழையையும் குறிக்கும், கற்கும் ஏட்டையும் குறிக்கும். முன்னோர் தெரியாமலா இரண்டிற்கும் ஒரு பெயரிட்டனர்?

தொலைபேசி வந்தபொழுது ஐசுலாந்து நாட்டார் என்ன செய்தனர்? சில நூறாயிரம் மக்களே உள்ள சிறு தீவு அது. வெளிநாட்டுப் பொறியை ஏற்றுக்கொண்டனர்; அதன் வெளிநாட்டுப் பெயரை ஏற்கவில்லை. தம் பழைய இலக்கியத்தில் இழை, கயிறு என்னும் பொருளில் கிடந்த 'சீமி' என்னும் சொல்லைத் தூசு தட்டி எடுத்துத் தொலைபேசிக்குப் பெயராக்கினர். இன்று அத்தீவின் குழந்தையும் அச்சொல்லையே வழங்குகின்றது. கோடிக்கணக்கில் மக்கள் இருக்கும் தமிழினம், 'தொலைபேசி' என்னும் அழகிய சொல் இருந்தும் அதனைச் சொல்ல வெட்கப்படுகின்றது!

அத்தனை தொலைவு போக வேண்டுவதில்லை. காஞ்சி மாவட்டத்திற்கே வெளிநாடு வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நாட்டு உந்துத் தொழிற்சாலை இயங்குகின்றது. அதனை அடுத்துக் கொரியத் தொழிலகங்கள் வேறும் வந்தன. தறியில் வயிறு நிறையாத நெசவுக்குடி இளைஞர் இன்று அத்தகைய தொழிற்சாலைகளின் வாயிலில் நிற்கின்றனர். அந்தக் கொரியர் யார்? 1910 முதல் 1945 வரை யப்பானியர்க்கு அடிமைப்பட்டிருந்தவர். பள்ளியில் அவர்தம் மொழி ஒடுக்கப்பட்டது. யப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டனர். கொரிய மொழிக்கு அகரமுதலி தொகுத்துக் கொண்டிருந்த மொழிக்கழகத்து அறிஞர்களை 1942-இல் சிறைப்பிடித்தனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். அவர்கள் எழுதி வைத்த கைப்படி காணாமற் போயிற்று. விடுதலைக்குப்பின் 1945-இல் தொடர்வண்டி நிலையக் கிடங்கொன்றில் அக்கைப்படி கண்டெடுக்கப்பட்டது. 1947-இல் முதல் மடலம் வெளிவந்தது. சொற்களைத் தொகுத்ததற்காக உயிர் கொடுத்த அம் மக்கள், தம் எழுத்து பிறந்த நாளை இன்றும் அக்தோபர் 9-ஆம் நாள் விடுமுறை விட்டுக் கொண்டாடுகின்றனர். தம் மொழியிலேயே பொறியியல் கற்று, தம் மொழியிலேயே எண்ணி, உந்து செய்து உலகுக்கு விற்கின்றனர். தாய்மொழியிற் கற்றால் உலகில் முன்னேற முடியாது என்று சொல்லும் தமிழன், அவ்வுந்திலேயே ஏறிச் சென்று அதனைச் சொல்கின்றான்!

இனி, இன்றைய மீட்சியைப் பாருங்கள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றிலிருந்து ஓர் இளைஞன் வெளிநாடு செல்கின்றான் என்று கொள்வோம். அவன் தந்தை தறிக்குழியில் கால் வைத்து வாழ்ந்தவர். தறியோசையிற் கண்ணுறங்கியவன் அவன். இரண்டாண்டு கழித்து மனைவி மக்களோடு திரும்புகின்றான். மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் இறங்கும்பொழுதே, "ஐயோ, என்ன வெயில்! என்ன கூட்டம்!" என்பதைக்கூட ஆங்கிலத்திற் சொல்கின்றான். வாயிலில் காத்திருந்த தாய் பேரனை வாரியணைத்து, "வாடா தங்கம், ஆயாவைத் தெரிகிறதா?" என்கின்றாள். குழந்தை தந்தையின் முகத்தைப் பார்க்கின்றது. "அவனுக்குத் தமிழ் வராதம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்கின்றான் மகன். அச்சிரிப்பில் ஒரு பெருமை இருக்கின்றது. அப்பெருமையே தாயின் நெஞ்சில் விழுந்த அடி என்பதை அவன் அறியான். பெட்டி நிறையப் பொருள் கொண்டுவந்தவன், பெற்றவளோடு பேச ஒரு சொல்லைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் தங்கைக்கு மணப்பட்டு எடுக்கக் காந்தி சாலைக்குச் செல்கின்றனர். கடைகளின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ், சட்டத்திற்கு அஞ்சிச் சிறிதாகவும் நிற்கக் காண்கின்றனர். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபதாண்டு ஆகின்றது. ஊரின் பெயர் அத்துணிக்கே உரியது என்று சட்டமே சொல்கின்றது. அப்படியிருந்தும் வெள்ளையன் வாய் குழறிச் சொன்ன 'காஞ்சீவரம்' என்னும் பெயரே உயர்ந்த விலைச் சேலைக்கு ஒட்டப்படுகின்றது. ஊர் தன் பெயரை மீட்டுக்கொண்டது. ஊரின் மகளாகிய சேலை இன்னும் மீட்டுக்கொள்ளவில்லை. அங்கிருந்து கோயிலுக்குச் செல்கின்றனர். கச்சியப்பர் கந்தபுராணம் பாடி அரங்கேற்றிய குமரகோட்டம் இருக்கும் ஊர் இது. சிவஞான முனிவர் வாழ்ந்து தமிழ் வளர்த்த ஊர் இது. அவ்வூரில் குழந்தையின் பெயர் சொல்லி நடக்கும் வழிபாட்டில் குழந்தைக்கும் புரியாத, தந்தைக்கும் புரியாத, தாத்தாவுக்கும் புரியாத வடமொழி ஓதப்படுகின்றது. தமிழ்நாட்டுக் கோயில்களில் தமிழிலும் வழிபாடு செய்யப்படும் என்று எழுதி வைத்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் 'தமிழிலும்'! அந்த ஓர் உம்மையில் ஓர் இனத்தின் தாழ்வு முழுதும் அடங்கிக் கிடக்கின்றது.

ஆங்கிலப் பலகையையும் வடமொழி வழிபாட்டையும் கடந்து, மாலையில் வீடு திரும்பும் குழந்தையின் காதில் முழுமையான தமிழ் எங்கே விழுகின்றது? அடுத்த வீட்டுத் தறியில். பாவு, ஊடை, தறி, கரை, முந்தி, கோர்வை என்று நெசவாளரும் அவருக்கு உதவியாய் அமர்ந்திருக்கும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பேச்சில். பல்கலைக்கழகம் கைவிட்டதையும், கடைத்தெரு கைவிட்டதையும், கருவறை ஏற்க மறுத்ததையும், கூலி குறைந்த அக்கைகள் காத்து நிற்கின்றன. வெளிநாடு கண்டு மீண்டவன் கற்க வேண்டிய பாடம் அத்தறியடியில் இருக்கின்றது. ஆனால் அவனோ, "இந்த வேலையை இன்னுமா செய்கின்றீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகின்றான்.

"பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டுமிடத்தில் வேண்டும். செருமனிக்குச் செல்பவன் செருமன் கற்கட்டும். யப்பானுக்குச் செல்பவன் யப்பானியம் கற்கட்டும். இங்கிலாந்து செல்பவன் ஆங்கிலத்தை ஆங்கிலேயனினும் நன்றாகக் கற்கட்டும். எவரும் தடுக்கவில்லை. மொழி கற்றல் வேறு. தன் மொழியை விற்றல் வேறு. வெளியே செல்லும்போது போர்த்த குளிராடையை வீட்டுக்குள் வந்தபின்னும் கழற்றாமல், அடுப்படியிலும் போர்த்துக்கொண்டு வியர்த்து நிற்பவனை அறிவுடையான் என்பார் உண்டா?

இக்குற்றத்தை இளைஞன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அமைதல் அறமாகாது. அவனை அப்படி வளர்த்தது யார்? இங்குதான் அண்ணாவைப் போற்றும் அதே நாவால் ஒரு கசப்பையும் சொல்ல வேண்டியுள்ளது. 1968 சனவரி 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றி, பள்ளிகளிலிருந்து இந்தியை அகற்றியது அண்ணாவின் பெருஞ்செயல். தமிழர் என்றும் மறக்கலாகாதது. ஆயினும் இந்தியைத் தடுக்க வேலியாக நடப்பட்டது ஆங்கிலம். வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. இருமொழி என்பது ஏட்டில் இருக்க, நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றே மொழியாய் அமர்ந்தது. தொடக்கப்பள்ளி அளவிலேனும் தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று 1999-இல் அரசு பிறப்பித்த ஆணை, 2000-இல் உயர்நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. தமிழை ஒரு பாடமாகவேனும் கற்க வேண்டும் என்பதற்கே 2006-இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. தாய்ப்பால் கொடுக்கச் சட்டம் இயற்றிய நாடு வேறெங்கும் உண்டா? அதே 2006-இல், உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாதல் வேண்டும் என்று சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் தில்லியின் இசைவைப் பெறவில்லை. நகரின் பெயர் 1996-இல் சென்னை ஆயிற்று; அந்நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரில் 'மதராசு' இன்னும் அரசாள்கின்றது.

அண்ணா நெடிது வாழ்ந்திருப்பின் இதனைத் திருத்தியிருப்பாரா என்று கேட்டுக்கொண்டிருத்தல் வீண். அவர் தொடங்கிய மீட்சி பெயரோடு நின்றுவிட்டது என்பதே உண்மை. தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. அப்பெயர்க்குரிய பொருள் இன்னும் முழுதாய் வரவில்லை. நாட்டின் பெயரில் தமிழ். நாட்டின் பள்ளியில், கடையில், வழக்குமன்றத்தில், கருவறையில் தமிழ் இல்லை. எஞ்சிய வழியை நடக்க வேண்டியவர் இன்றைய தமிழரே. கடல் கடந்து செல்வோர்க்கு அதில் தனிக்கடமை உண்டு. ஏனெனில், ஒவ்வொரு நாடும் தன் மொழியை எப்படித் தலைமேல் வைத்துப் போற்றுகின்றது என்பதைக் கண்ணாரக் கண்டு வருபவர் அவரே. பிரான்சுக்குச் சென்றவன் பிரெஞ்சுப் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பான். யப்பானுக்குச் சென்றவன் யப்பானிய மொழியிலேயே மருத்துவமும் பொறியியலும் பயிலும் மாணவரைக் கண்டிருப்பான். கண்டதை ஊரில் வந்து சொல்லாமல், காணாதவன் போல் ஆங்கிலத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது, கடலுக்குச் சென்றவன் மீனை விட்டுவிட்டு உப்புநீரை முகந்து வந்த கதையன்றோ?

எனவே, முதன்முறை வெளிநாடு கண்டு ஊர் திரும்பும் தமிழ் மகனே, தமிழ் மகளே! பெட்டியில் எதை வேண்டுமானாலும் கொண்டு வருக. அதனை எவரும் குறை சொல்லார். ஆனால் அங்குக் கற்ற தொழிலைத் தமிழில் எழுதித் தருக. அங்குக் கண்ட நல்வழக்கத்திற்குத் தமிழிற் பெயர் கண்டு வழங்குக. பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுக. அப்பெயரைச் சொல்லி அழைக்கும் பாட்டிக்கு விடையிறுக்கும் அளவிற்கேனும் தமிழைக் கற்பித்துக் கொண்டு வருக. மணப்பட்டு எடுக்கச் செல்லும்பொழுது 'காஞ்சீவரம்' என்று கேளாமல், 'காஞ்சிப் பட்டு' என்று வாய் நிறையக் கேளுங்கள். அதனை நெய்தவர் வாழும் தெருவுக்கும் ஒருமுறை செல்லுங்கள்.

அண்ணா சென்றபொழுது நாட்டுக்குப் பெயரில்லை. திரும்பியபின் பெயர் வந்தது. இன்று செல்வோர்க்குப் பெயருள்ள நாடு இருக்கின்றது. திரும்பி வரும்பொழுது அந்நாட்டில் மொழியும் இருத்தல் வேண்டும். வானூர்தி நிலைய வாயிலில் கைநீட்டி நிற்கும் முதியவள் எதிர்பார்ப்பது நறுமண நீர்க்குப்பியையன்று. பேரன் வாயிலிருந்து 'ஆயா' என்னும் ஒரு சொல். அதைக் கொண்டுவாராதவன், எத்தனை முறை வந்து இறங்கினாலும், வீடு வந்து சேர்ந்தவன் ஆகான்.